பெருமாளுக்கு அடியில் வெறுங்குடம்

ஜன்னலோரம் நீங்களே இருங்க தம்பி. எனக்குக் காத்து பட்டா மூக்கடைச்சுக்கும். இந்தப் பையை மட்டும் காலுக்கு நடுவுல வச்சுக்கிறேன். பயப்படாதீங்க, வெடிகுண்டு இல்ல, அதிரசம். மேல பட்டுவேட்டியும் பட்டுப்புடவையும் இருக்கு. எண்ணெய் புடவையில ஏறிடக் கூடாதுன்னு என் சம்சாரம் மங்களம் பை மேல பை போட்டுச் சுத்திக் குடுத்திருக்கா. குடுக்கும்போது ஒரு வார்த்தை பேசணுமே? ம்ஹூம். பங்குனி மாசத்துலேர்ந்து எங்க வீட்டுல அப்படித்தான். காப்பி வரும், சோறு வரும், பேச்சு வராது.

திருவெறும்பூர்ல இறங்கணும். பொண்ணையும் மாப்பிள்ளையையும் தலை தீபாவளிக்கு அழைக்கப் போறேன். ஆமா, நேர்ல போய்த்தானே அழைக்கணும், அதுதானே மொறை. சந்தோஷமான விஷயம்தானேன்னு நீங்க சிரிக்கிறீங்க. என் மூஞ்சியைப் பாத்தா சந்தோஷமாப் போறவன் மாதிரியா இருக்கு?

நீங்க என்ன படிச்சிருக்கீங்க? பி.காமா? ரொம்ப நல்லதாப் போச்சு. இஞ்சினியரா இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அவங்க எல்லாம் ஒரே கட்சி. நீங்க கேளுங்க, கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க. வல்லம் தாண்டறதுக்குள்ள சொல்லிடறேன்.

எங்க ஊரு மன்னார்குடிக்குத் தெக்கால. சின்ன ஊரு, பெரிய குளம், குளக்கரையில பெருமாள் கோயில். பங்குனியில தெப்பம். தெப்பக் கமிட்டித் தலைவர் யாருன்னு கேளுங்க. சாரங்கபாணின்னு சொல்லுவாங்க. நான்தான். என்னை விட்டா ஆள் இல்லைன்னு இல்ல, என்னை விட்டுட்டு எவனும் நிக்க மாட்டான். பம்புசெட் கடை வச்சிருந்தவன் தம்பி நான். சுத்துப்பட்டுல எந்த வயலுக்குத் தண்ணி பாஞ்சாலும் அது என் மோட்டார்ல ஏறித்தான் பாஞ்சிருக்கும். எனக்குத் தண்ணியைப் பத்தி ஒருத்தர் பாடம் எடுக்கறதுன்னா எப்படி இருக்கும்?

எடுத்தாரு. மாப்பிள்ளை எடுத்தாரு.

தை மாசம்தான் கல்யாணம். பொண்ணு பேரு கோதை. ஒரே பொண்ணு. மாப்பிள்ளை பேரு பிரசன்னா. திருச்சியில ஒரு கம்பெனியில பெரிய பெரிய தொட்டி செய்யறாங்க, அதுல இஞ்சினியர். நல்ல பையன்தான். குடிக்க மாட்டாரு, சத்தமாப் பேச மாட்டாரு, என்ன போட்டாலும் சாப்பிடுவாரு. அதுல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். குத்தம் என்னன்னா, எதையும் சட்டுனு ஒத்துக்க மாட்டாரு. "இல்ல மாமா"ன்னு ஆரம்பிப்பாரு. மரியாதையா ஆரம்பிப்பாரு. அந்த மரியாதையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

எங்க தெப்பம் எப்படின்னா, மூங்கிலையும் சவுக்கையும் சட்டமாக் கட்டி, அதுக்குக் கீழ காலி டிரம்மை வரிசையாக் கட்டி மிதக்க விடுவோம். மேல பலகை, பலகை மேல மண்டபம், மண்டபத்துல பெருமாள். பழைய டிரம்மெல்லாம் தார் டிரம். துருப்பிடிச்சு ஓட்டையாப் போச்சு. மாப்பிள்ளை கேள்விப்பட்டு, "நான் பிளாஸ்டிக் டிரம் கொண்டாரேன் மாமா, துருவே பிடிக்காது"ன்னாரு. எனக்குப் பெருமைதான். ஊர்ல நாலு பேர்கிட்ட நானே சொன்னேன், எங்க மாப்பிள்ளை பெருமாளுக்கு டிரம் எடுத்துட்டு வர்றாருன்னு. லாரியில வந்து இறங்குச்சு. நீலக் கலர். பளபளன்னு.

அங்கதான் தம்பி வெனை. வெயில்ல படித்துறையில வரிசையா வச்சிருக்கோம். பாக்கறேன். இந்தப் பக்கம் வெயில் அடிச்சா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது. உள்ள ஒண்ணுமில்ல. வெறுமை. சுத்தமா வெறுமை.

நீங்க நல்ல காரியத்துக்குக் கெளம்பறீங்க, எதிர்ல ஒரு பொம்பள காலிக் குடத்தோட வந்தா என்ன பண்ணுவீங்க? திரும்பி வீட்டுக்குள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போக மாட்டீங்க? ஒரு குடத்துக்கே அப்படி. இங்க பெருமாள் உக்காரப் போறாரு, ஸ்ரீதேவி பூதேவியோட, அலங்காரத்தோட. அவருக்கு அடியில வரிசையா வெறுங்குடமா? கல்யாண வாசல்ல காலிக் குடத்தைக் கவுத்து வைப்பாங்களா? நிறைகுடம்தானே வைப்பாங்க?

பழைய தார் டிரம்மும் காலிதானேன்னு கேக்கறீங்க. கரெக்டா மாப்பிள்ளை மாதிரியே கேக்கறீங்களே. அது கறுப்பு டிரம். உள்ள தெரியாது. அதுவும் போக, உள்ள தார் ஒட்டியிருக்கும். வெறும்னு சொல்ல முடியாது.

சரி, முறையாக் கேப்போம்னு சாப்பாட்டுக்கு உக்காந்தப்போ மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். "டிரம்முல தண்ணி நிரப்பிடலாம் மாப்பிள்ளை. நிறைகுடமா இருக்கட்டும். கனமும் இருக்கும், தெப்பம் ஆடாம நிக்கும்"னு. அவரு அப்பளத்தைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு. நான் வெளையாடறேன்னு நெனச்சாரு போல. அப்புறம் சிரிப்பை அடக்கிக்கிட்டு, "இல்ல மாமா"ன்னாரு.

எழுந்து போனாரு தம்பி, எச்சக் கையோட. கொல்லையில அண்டா நிறைய தண்ணி. ஒரு எவர்சில்வர் சொம்பைக் காலியா அதுல வச்சாரு. மிதந்துச்சு. "பாருங்க மாமா, இரும்பு மிதக்குது"ன்னாரு. அதை நான் அறுபது வருஷமாப் பாக்கறேன். அப்புறம் சொம்புல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினாரு. கொஞ்சம் இறங்குச்சு. இன்னொரு டம்ளர். இன்னும் இறங்குச்சு. வாய் வரைக்கும் ஊத்தினாரு, குளுக்குன்னு அடியில போய்ப் படுத்துக்கிச்சு. "சொம்பு எவ்வளவு தண்ணியை ஒதுக்கி எடம் பிடிக்குதோ, அவ்வளவு தண்ணியோட எடையைத்தான் மாமா தண்ணி தாங்கும். உள்ள காத்து இருந்தா மொத்தத்துல எடை கம்மி, எடம் அதிகம். அதனால மிதக்குது, மேலயும் சுமக்குது. உள்ளயே தண்ணியை ஊத்திட்டா, மேல இருக்கிறவங்களுக்கு என்ன மிச்சம்?" அப்படின்னாரு.

இதைக் கேட்டுக்கிட்டு என் பொண்ணு கோதை கதவுல சாஞ்சு நின்னா. கைகொட்டிச் சிரிச்சா. "அப்பா, சொம்பு போச்சு!"ன்னா.

அதான் தம்பி எனக்குத் தாங்கல. நான் என்ன சொன்னாலும் வாயைப் பொளந்துக்கிட்டு கேட்ட பொண்ணு. மோட்டார் ஏன் தண்ணி இழுக்குது, மீன் ஏன் தூங்காது, எல்லாத்துக்கும் என்கிட்டதான் வருவா. நான் சொன்னதுல பாதி தப்பா இருந்திருக்கும், அதை விடுங்க. கல்யாணமாகி ரெண்டு மாசம், அதுக்குள்ள அடுத்த ஆளு சொல்றதுக்குக் கைதட்டறா. எனக்கு நெஞ்சுல சுருக்குனுச்சு. பொறாமையெல்லாம் இல்ல. சொந்த மாப்பிள்ளை மேல யாராவது பொறாமைப்படுவாங்களா?

நான் விடுவேனா? கேட்டேன் ஒரு கேள்வி. "மாப்பிள்ளை, நீங்க கிணத்துல தண்ணி எறைச்சிருக்கீங்களா? கயித்துல குடம் கட்டி உள்ள விடறோம். குடம் நெறையுது. தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் நெறஞ்ச குடம் கனக்குதா? கனக்காது. சுண்டு விரல்ல இழுக்கலாம். தண்ணியை விட்டு வெளிய வந்த நிமிஷம்தான் கையைப் பிடுங்கும். அப்போ தண்ணிக்குள்ள தண்ணிக்கு ஏது கனம்? கனமே இல்லாத ஒண்ணு தெப்பத்தை எப்படி முழுக அடிக்கும்?"

எப்படி? நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு? பாருங்க, நீங்களும் முழிக்கிறீங்க. அன்னிக்கு மாப்பிள்ளையும் ஒரு நிமிஷம் முழிச்சாரு. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் இன்னொரு தடவை தெப்பம் விடலாம்.

அப்புறம் சொன்னாரு, "சரிதான் மாமா, தண்ணிக்குள்ள தண்ணிக்குக் கனம் தெரியாது. ஆனா அது எதையும் தூக்கவும் செய்யாது. அது சும்மா இருக்கிற ஆளு மாதிரி. நமக்கு வேண்டியது தூக்கிவிடற ஆளு"ன்னாரு. அதோட விட்டாரா? வெறுமையா இருக்கிறதுதான் உங்க மனசை உறுத்துதுன்னா, டிரம்முக்குள்ள தெர்மோகோல் அடைச்சுடலாம், அதுவும் மிதக்கும்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! பெருமாளுக்கு அடியில டி.வி. பொட்டியில வர்ற வெள்ளைச் சோறா? "நீங்க கம்பெனிக்குக் கெளம்புங்க மாப்பிள்ளை, தெப்பத்தை நான் பாத்துக்கறேன்"னேன். "அப்படின்னா ஒண்ணும் ஊத்தாதீங்க மாமா, கட்டற விதம் மட்டும் தங்கமுத்து அண்ணன்கிட்ட காட்டிட்டுப் போறேன்"னு காட்டிட்டுப் போனாரு. தங்கமுத்து எங்க கமிட்டிச் செயலாளர். தலையாட்டறதுக்குன்னே பொறந்தவன்.

மாப்பிள்ளை போன பஸ்ஸு திரும்பறதுக்குள்ள கமிட்டியைக் கூட்டினேன். கிணத்துக் குடம் கதையைச் சொன்னேன். ஒருத்தனும் மறுக்கல. எப்படி மறுப்பான்? எல்லாரும் தண்ணி எறைச்சவன்தானே. கோயில் பட்டர் மட்டும், "பாற்கடல்ல பள்ளி கொண்டவருக்குத் தண்ணி என்ன சாமி, மேலயும் இருக்கட்டும் கீழயும் இருக்கட்டும். ஆனா தூக்கிண்டு நிக்கப்போறது அடியேன்தான், அதை ஞாபகம் வச்சுக்கோங்கோ"ன்னாரு. அந்த மனுஷனுக்கு எப்பவுமே நாக்குல ஒரு ஊசி.

ஒரு டிரம்மை முழுசா நெரப்பிக் குளத்துல தள்ளிப் பாத்தோம். முழுகலை தம்பி! மூழ்கிப் போயிடும்னாரே, அடியில போய்ப் படுத்துச்சா? இல்லையே. மூடி மட்டும் தண்ணி மட்டத்துல தெரிய, எருமை மாடு மாதிரி கிடந்துச்சு. அதும்மேல தங்கமுத்து ஒரு காலை வச்சான். அவன் முழுகினான். டிரம் என்னமோ மறுபடி மேல வந்துடுச்சு. சரி, நானும் விட்டுக்குடுக்கத் தெரிஞ்சவன்தான். பாதி நெரப்பினாப் போதும்னேன். மாப்பிள்ளை பேச்சுக்கும் பாதி மரியாதை, பெருமாளுக்கும் பாதி சகுனம். என் கடை மோட்டாரையே கொண்டாந்து குளத்துத் தண்ணியையே ஏத்தினோம். பட்டர் அப்பவும், "நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்"னு சொல்லிக்கிட்டே போனாரு. அவரு என்னைத்தான் சொல்றாருன்னு நெனச்சேன்.

தெப்பத்தைக் கட்டி இறக்கினோம். நின்னுச்சு பாருங்க! போன வருஷமெல்லாம் ஒரு ஆள் ஏறினாலே தக்கை மாதிரி ஆடும். இந்தத் தடவை அடங்கி ஒடுங்கி, தண்ணியில பாதி இறங்கி, பெரிய எடத்து மருமக மாதிரி அசையாம நின்னுச்சு. கமிட்டியே என் கையைப் பிடிச்சுக் குலுக்குச்சு.

சாயங்காலம் தெப்பம். கரையில கால் வைக்க எடமில்ல. பெருமாள் ஏறினாரு. பட்டரும் அவரு ஆளுங்களும் ஏறினாங்க. நாதஸ்வரம், தவில். லைட்டுக்கு ஒரு ஜெனரேட்டர். சர்க்கரைப் பொங்கல் ஒரு அண்டா. சிறப்பு விருந்தினர்னு ஒருத்தரை அழைச்சிருந்தோம், அரிசி மில் வச்சிருக்காரு, அவரே ஒரு மில் மாதிரி இருப்பாரு. அவரு சம்சாரம், அவங்க தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரரு. கமிட்டி. கமிட்டி ஏறாம தெப்பம் உண்டா? கடைசியா நான் ஏறினேன். பலகைக்கு மேல லேசாத் தண்ணி வந்து என் கால்விரலைத் தொட்டுச்சு. பெருமாள் பாதத்தைக் கழுவின தண்ணின்னு எடுத்துத் தலையில தெளிச்சுக்கிட்டேன்.

மொதல் சுத்து முடியற நேரம், மாப்பிள்ளை வந்து எறங்கறாரு. ஆபீசுக்குப் போட்ட சட்டையோட நேரா படித்துறைக்கு வர்றாரு. பக்கத்துல கோதை. தெப்பத்தைப் பாத்ததும் அவரு மூஞ்சி மாறுது. "மாமா! ஏன் இவ்வளவு இறங்கியிருக்கு? அளவா ஆளை ஏத்துங்க மாமா, கரைக்குத் திருப்புங்க!"ன்னு கத்தறாரு. ஊரு முன்னாடி, விருந்தினர் முன்னாடி. நான் கையை ஒசத்தி, "பெருமாள் கனம், மாப்பிள்ளை!"ன்னேன். கரையே கோவிந்தான்னு கத்துச்சு. என் வாழ்க்கையில நான் சொன்ன நல்ல பதிலு அதுதான்.

ரெண்டாவது சுத்துல, தெக்குக் கரையில ஒருத்தன் போட்டோ எடுக்கறேன்னான். விருந்தினர் குடும்பம் அந்தப் பக்கம் நகந்துச்சு. கமிட்டி விடுமா? கமிட்டியும் நகந்துச்சு. தெப்பம் லேசாச் சாஞ்சுச்சு. சாயட்டும், எத்தனை வருஷமாச் சாயுது, திரும்ப நிமிரும். இந்தத் தடவை நிமிரல. சாஞ்சது சாஞ்சுக்கிட்டே போச்சு. மேல இருந்த சனத்தோட, டிரம்முக்குள்ள இருந்த தண்ணியும் அந்தப் பக்கமே ஓடிடுச்சுன்னு மாப்பிள்ளை பின்னால சொன்னாராம். தண்ணிக்கு எதுக்குங்க அந்தப் பக்கம் போகணும்? அதுக்கும் போட்டோவுல நிக்கணுமா?

அப்புறம் நடந்ததை என்னன்னு சொல்ல. எல்லாம் தண்ணியில. தவில் மிதந்துச்சு, தவில்காரரு முழுகிட்டாரு, அப்புறம் அவரே தவிலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மிதந்தாரு. தேங்காயெல்லாம் மிதந்துச்சு. பொங்கல் அண்டா, உள்ள பொங்கலோட, ஒண்ணுமே நடக்காத மாதிரி நேரா நின்னு மிதந்துச்சு, மேல ஒரு முந்திரிப்பருப்பு கூடக் கலையல. மில் முதலாளி மல்லாந்து மிதந்தாரு, வயித்து மேல மாலையோட. பெரிய மனுஷங்க உள்ள காத்து அதிகம். குத்துவிளக்கு போச்சு. ஜெனரேட்டர் போச்சு, டபடபன்னு சத்தத்தோடயே போச்சு. பட்டர் மட்டும் மாருக்கு மேல தண்ணியில நின்னு, பெருமாளைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு, ஒரு கொலுசு கூட நனையாம கரை ஏத்திட்டாரு. அவரு பெருமாளைத் தூக்கினாரா, பெருமாள் அவரைத் தூக்கினாரான்னு ஊர்ல இன்னும் முடிவாகல.

நான் முழுகல தம்பி. அதைத் தெளிவாச் சொல்லிடறேன். நான் நின்னேன். தலைக்கு மேல தண்ணி இருந்துச்சு, அவ்வளவுதான். நான் எலும்பும் தோலும், பாக்கறீங்கள்ல. எனக்கு உள்ள காத்தே கிடையாது. நான் விழுந்தது ஆழமான பக்கம் வேற. வாயைத் தொறந்து கோவிந்தான்னு சொல்லலாம்னா தண்ணி உள்ள போகுது. அப்போ யாரோ முடியைப் பிடிச்சாங்க. கொத்தா. பிடிச்சு மேல இழுத்து, கழுத்துக்கு அடியில கையைக் குடுத்து, மல்லாக்கப் போட்டு நீந்திக் கொண்டாந்து படியில போட்டாங்க. யாருன்னு நெனைக்கிறீங்க? மாப்பிள்ளைதான்.

நன்றி இல்லாதவன் இல்ல நான். ஆனா மாமனாரை முடியைப் பிடிச்சு இழுக்கலாமா? கையைப் பிடிச்சிருக்கலாம்ல? அதுவும் என் வேட்டி எங்கயோ நடுக்குளத்துல பொங்கல் அண்டா பக்கத்துல மிதக்குது. ஊரு பூரா கரையில. பட்டாபட்டி டிராயரோட நான். எந்த சம்பந்தி வீட்டுலயாவது இந்தக் கூத்து உண்டா?

தம்பி, தூங்கிட்டீங்களா? இல்லையா? கண்ணை மூடிக்கிட்டு கேக்கறீங்களா, சரி. செங்கிப்பட்டி போச்சு. விஷயமே இனிமேதான்.

தண்ணியைக் கக்கிட்டு உக்காந்திருக்கேன். ஊரு சுத்தி நிக்குது. "எப்படிங்க ஆச்சு, எப்படிங்க ஆச்சு?"ன்னு. பெருமாளை முழுக விட்ட ஊருன்னு பேராயிடுமேன்னு ஆளாளுக்குப் பதறறாங்க. நான் என்ன சொன்னேன்? "பிளாஸ்டிக் டிரம்"னேன். அவ்வளவுதான். பொய்யா? பிளாஸ்டிக்தானே அது? யாரு கொண்டாந்ததுன்னு கேட்டாங்க. கேட்டா சொல்லணும்ல? கையைக் காட்டினேன்.

அவ்வளவுதான், ஒருத்தன் மாப்பிள்ளை சட்டையைப் பிடிச்சான். இன்னொருத்தன், "டவுன்ல இருந்து வந்து எங்க சாமியை முழுக வைக்கறியா"ன்னு அடிக்கவே கை ஓங்கிட்டான். மில் முதலாளியோட தங்கச்சி மண்ணை வாரித் தூத்தினாங்க. மாப்பிள்ளை சொட்டச் சொட்ட நிக்கறாரு. பக்கத்துல ஒரு டிரம் கரை ஒதுங்கிக் கிடந்துச்சு. குனிஞ்சு அதை ஒரு ஆட்டு ஆட்டினாரு. உள்ள தளக் தளக்குன்னுச்சு. என்னைப் பாத்தாரு. ஒரு வார்த்தை சொல்லணுமே. "மாமா ஊத்தினாரு"ன்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லல. டிரம்மைக் கீழ வச்சுட்டாரு. அவ்வளவு அழுத்தம்!

கோதைதான் வந்தா. அந்த டிரம் மூடியைத் திருகித் திறந்தா. சாய்ச்சா. தண்ணி படியில ஓடி வந்து நான் உக்காந்திருந்த எடம் வரைக்கும் வந்துச்சு. கூட்டத்துக்கு அது புரியல. ஏற்கனவே எல்லாமே தண்ணிதானே. எனக்குப் புரிஞ்சுச்சு. "அப்பா, நீங்க சொல்லுங்க"ன்னா. நான் இருமினேன். நெசமாவே இருமல் வந்துச்சு தம்பி. "சொல்லுங்கப்பா"ன்னா மறுபடி. தங்கமுத்து என்னைப் பாக்கறான், நான் தங்கமுத்துவைப் பாக்கறேன். அவ மூடியை என் பக்கத்துல வச்சுட்டு, ஈரச் சட்டையோட நின்ன அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டா.

அதுக்கப்புறம் போன் இல்ல. நான் போட்டா எடுக்க மாட்டா. அம்மாகிட்ட மட்டும் பேசுவா. கொல்லையில போய் நின்னு பேசிட்டு மங்களம் கண்ணைத் தொடச்சுக்கிட்டு வருவா, என்னடின்னா ஒண்ணுமில்லம்பா. போன வாரம்தான் சொன்னா, தலை தீபாவளிக்கு வரணும்னா அப்பா கோயில்ல நாலு பேர் முன்னாடி, ஊத்தினது நான்தான்னு சொல்லணுமாம். கோயில்ல முடியலன்னா வீட்டுக்கு வந்து அவருகிட்டயாவது சொல்லணுமாம். இல்லேன்னா இந்த வருஷம் மட்டுமில்ல, எந்த வருஷமும் இல்லையாம்.

தலை தீபாவளி தம்பி! ஒரு பொண்ணுக்கு ஒரு தடவைதான் வரும். அவ பொறந்ததுலேர்ந்து அவ இல்லாம நான் ஒரு தீபாவளி பாத்ததில்ல. விடியக்காலையில எழுப்பி எண்ணெய் வச்சுவிடறது இன்னிக்கும் நான்தான், மங்களம் இல்ல. எண்ணெய்ச் சட்டியைப் பாத்தாலே எடுத்துப் பரண்ல வச்சுடறேன். வீட்டுல யாரும் பேசாம மூணு பேரு சாப்பாட்டை ரெண்டு பேரு தின்னுக்கிட்டு எவ்வளவு நாள் இருக்கிறது? அதான் கெளம்பினேன். வீட்டுலேர்ந்து இந்த பஸ் ஏறற வரைக்கும் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன், மனசுக்குள்ள. "மாப்பிள்ளை, ஊத்தினது நான்தான்." சின்ன வார்த்தைதானே? ஆனா வாய் வரைக்கும் வருது, பல்லுல முட்டித் திரும்பிப் போயிடுது.

ஏன் சொல்லணும்கிறேன்? பாதிதானே ஊத்தினேன்? முழுசா ஊத்தியிருந்தா உள்ள தண்ணி அந்தப் பக்கம் ஓடியிருக்காதுல்ல? அப்போ மாப்பிள்ளை பேச்சுக்குப் பாதி மரியாதை குடுத்ததாலதானே கவுந்துச்சு? இதை ஒரு பயலும் யோசிக்க மாட்டேங்கறான்.

என்ன, முழுசா ஊத்தியிருந்தா கெளம்பும்போதே முழுகியிருக்கும்கிறீங்களா? பி.காம் படிச்சவருன்னீங்களே?

இதோ துவாக்குடி தாண்டிடுச்சு. வரட்டுமா தம்பி. நியாயம் சொல்லுவீங்கன்னு பாத்தேன், நீங்க தலையை மட்டும் ஆட்டறீங்க. கண்டக்டர், திருவெறும்பூர், திருவெறும்பூர், கொஞ்சம் நிறுத்தி இறக்குங்க.

அட. அங்க பாருங்க. டீக்கடை ஓரமா, ஸ்கூட்டர்கிட்ட, ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு. மாப்பிள்ளைதான்! நான் வர்றது அவருக்கு எப்படித் தெரியும்? மங்களம் சொல்லியிருப்பா. எவ்வளவு நேரமா நிக்கறாரோ. கோதையைக் காணோம். இருங்க, இறங்கிக்கறேன்.

தம்பி! தம்பி, இங்க, ஜன்னல்ல! பையை விட்டுட்டேன். காலுக்கடியில பாருங்க, அதான், அப்படியே இப்படிக் குடுங்க. மெதுவா, அதிரசம் நசுங்கிடும். பஸ்ஸு எடுக்க மாட்டான், கண்டக்டர் டீ குடிக்கறான்.

காதைக் குடுங்க, சொல்றேன். மாப்பிள்ளை வண்டி எடுக்கப் போயிருக்காரு. இறங்கினதும் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "மாமா, வீட்டுல நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நேத்தே நீங்க போன் பண்ணி, ஊத்தினது நான்தான் மாப்பிள்ளைன்னு சொல்லி அழுதீங்கன்னு கோதைகிட்ட சொல்லிட்டேன். அவ காலையிலேர்ந்து உங்களுக்குச் சமைச்சுக்கிட்டிருக்கா. அப்படியே இருக்கட்டும்"னாரு.

கேட்டீங்களா அநியாயத்தை? நான் போனும் பண்ணல, அழவும் இல்ல. கட்டின பொண்டாட்டிகிட்டயே கூசாமப் பொய் சொல்றாரு தம்பி! இந்த மனுஷன் பேச்சை நம்பி நான் டிரம்முல தண்ணி ஊத்தாம இருந்திருக்கணுமாம்.